எடை இறக்கும் கைகள்

அமெரிக்காவில் ஷெவர்லே எஸ்-10 போன்ற பழைய பிக்கப்புகளை டிராக் ரேஸுக்குத் தயாராக்குபவர்களின் பொறுமை அலாதியானது. ஸ்பேர் டயர், பின்பம்பர், ஹீட்டரெல்லாம் சட்டென்று இறங்கிவிடும். அழகான வேலை அதற்குப் பிறகுதான். இரைச்சலை அடக்க கேபின் தரையில் ஒட்டிய தார்ப்பட்டைமேல் உலர்பனிக்கட்டியைப் பரப்பிக் காத்திருக்கிறார்கள். குளிரில் விறைத்த தார், சுத்தியலின் லேசான தட்டலுக்கே படக்கென்று விரிசல்விட்டு, கண்ணாடிச் சில்லுபோல் பெயர்ந்து வருகிறது. அடியில் கீறலே விழாத தகடு!

பிக்கப்பில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு; அங்கே அதிகம் குறைத்தால் டயர் வழுக்கும். அதனால் மூக்கில்தான் கை வைக்கிறார்கள்: இரும்பு பானெட்டுக்குப் பதில் ஃபைபர்கிளாஸ், பேட்டரி பின்சக்கரப் பக்கம் போய்விடும். இவ்வளவு பாடுபட்டு 45 கிலோ இறக்கினால், கால் மைல் ஓட்டத்தில் மிச்சமாவது ஏறக்குறைய 0.1 வினாடி. பல பந்தயங்களை ஜெயிக்க அது தாராளம்.