டான்டாலன்: ஒற்றை மதிலின் வலிமை

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், நார்த் பெர்விக் அருகே பாறை முனையில் நிற்கும் டான்டாலன் கோட்டையை எவராலும் தகர்க்க முடியாதது என்று புகழ்வார்கள். அந்தப் புகழில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதை எழுப்பியவர் வில்லியம் டக்ளஸ் பிரபு. மூன்று பக்கம் கடலுக்குச் செங்குத்தாக இறங்கும் பாறை. எஞ்சிய நிலப்பக்கத்தை ஒரே மதிலால் அடைத்தார். செம்மணற்கல்லால் ஆன அந்த மதிலின் கனம் சுமார் 3.6 மீட்டர், உயரம் 15 மீட்டர். நடுவே வாயிற்கோபுரம், இரு முனைகளிலும் ஒவ்வொரு கோபுரம், முன்னால் அகழி. ஏணி வைத்து ஏறுபவனுக்கும் கல்லெறி பொறிக்கும் இதைவிட நல்ல பதில் இல்லை.

பீரங்கி வந்ததும் கணக்கு மாறியது. 1528இல், தன்னைச் சிறைபோல் வைத்திருந்த மாற்றாந்தந்தையும் கோட்டையின் அன்றைய உரிமையாளருமான ஆங்கஸ் பிரபுவைப் பழிதீர்க்க மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் இதை முற்றுகையிட்டார். சுமார் இருபது நாள் தாக்கியும் மதில் உடையவில்லை. புகழ்பவர்கள் காட்டும் முதல் சான்று இதுதான். ஆனால் பீரங்கிகளை எட்ட நிறுத்தியதில் வெளி அகழிகளுக்கும் மண்கரைகளுக்கும் பெரும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். மறு ஆண்டு ஆங்கஸ் இங்கிலாந்துக்கு ஓட, கோட்டை மன்னர் கைக்கு வந்தது. அவர் செய்த திருத்தங்களே என் வலுவான சாட்சி: மதிலுக்குள் இருந்த அறைகளையும் வழிகளையும் கல்லால் நிரப்பினார், வாயில் முகப்பைத் திருத்திக் கட்டி, பீரங்கிக்கு அகன்ற துளைகள் வைத்தார். உடைக்க முயன்றவரே அந்த மதிலை நம்பவில்லை.

1651இல் ஆங்கிலப் படைத்தலைவர் குரோம்வெல்லின் தளபதி மங்க் கோட்டையைப் பன்னிரண்டு நாள் பீரங்கியால் சுட்டார். முனைக் கோபுரங்கள் சிதைந்தன. சிறு காவற்படை பணிந்தது. 1699இல் கோட்டை டால்ரிம்பிள் குடும்பத்துக்கு விற்கப்பட்டு, பாழடைந்தது.

பீரங்கிக் காலத்துக் கோட்டையாக டான்டாலன் இரண்டாம் தரம். அதிகாரத்தின் அறிவிப்பாக, ஸ்காட்லாந்தில் அதற்கு நிகராக நிற்பவை வெகு சில. ஒன்றைக் கவனியுங்கள்: பாதுகாப்பே குறியாக இருந்திருந்தால், பிரபு கடல்பக்கம் ஒதுங்கியிருப்பார். டக்ளஸோ, ஏழு தள வடமேற்குக் கோபுரத்தில், எதிரி முதலில் தாக்கும் முனையிலேயே, தன் குடியிருப்பை அமைத்துக்கொண்டார்.