ஆலயத்திற்கு வர இயலாதோரும் வர விரும்பாதோரும்

ஹெர்பர்ட் ஹோபர் எழுதி, 1991ஆம் ஆண்டில் சென்னை குருக்குல் இறையியல் கல்லூரியின் வாயிலாக ஆங்கிலத்தில் வெளிவந்த ‘சர்ச்லெஸ் கிறிஸ்டியானிட்டி’ என்னும் நூல், நம் ஆயர்களுள் பலர் பெயரளவில் அறிந்ததும் சிலரே படித்ததுமாகும். ‘திருச்சபையற்ற கிறிஸ்தவம்’ என்பது அத்தலைப்பின் பொருள். 2001இல் அமெரிக்காவில் அது மறுபதிப்பும் கண்டது. ஆலயத்திற்குச் செல்லாமல் வீட்டிலேயே வழிபட்டால் போதாதா என்னும் வினா, 2020ஆம் ஆண்டின் ஊரடங்கிற்குப் பின் நம் சபைகளில் வலுத்துவிட்டது. இவ்வினாவை எழுப்புவோர் ஹோபரின் நூலைத் தமக்கு ஆதரவாகக் கொள்ளக்கூடும். அதற்கு அந்நூல் இடந்தருகின்றதா என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் சென்னை நகரிலும் ஹோபர் மேற்கொண்ட ஆய்வில், கிறிஸ்துவைத் தம் ஆண்டவராக ஏற்றும் திருமுழுக்குப் பெறாத, எச்சபையின் பதிவேட்டிலும் இடம்பெறாத இந்துக்களும் இஸ்லாமியரும் எண்ணற்றோர் இருப்பது தெரியவந்தது. இவர்களுள் பெண்கள் பலர். வீட்டின் ஒரு மூலையில் தனித்து ஜெபிக்கின்றனர், வேதத்தை வாசிக்கின்றனர், நற்செய்திக் கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்ந்து செல்கின்றனர். திருமுழுக்குப் பெற்றால் குடும்பம் சிதையும், மகளின் திருமணம் தடைப்படும் என்னும் அச்சம் சிலருக்கு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையினால் பட்டியல் சாதியினர் கிறிஸ்தவராயின் அதற்குரிய உரிமைகளை இழக்க நேரிடுவது வேறு சிலருக்குத் தடை. எல்லாவற்றினும் நம்மைச் சுடுவது மற்றொன்று: திருச்சபை என்பது இன்னொரு சாதி, அதில் சேர்வது தம் மக்களை விட்டு வேறு மக்களிடம் போய்விடுவதாகும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்று நம்மால் உறுதியாக மறுக்க இயலுமா?

இம்மக்களை மதிப்புடன் நோக்கியதும், அவர்களை ‘அரைகுறை விசுவாசிகள்’ என ஒதுக்காததும் ஹோபரின் சிறப்பு. ஆயினும் அவர் தேர்ந்த தலைப்பு நம்மை வழிதவறச் செய்கிறது. ‘அற்ற’ என்னும் சொல், வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரையும் வாயிலை விட்டுத் தாமே வெளியேறியவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. எம். எம். தாமசும் அப்போது சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகினும் 1970களின் தொடக்கத்தில் நிகழ்த்திய விவாதம் ஈண்டு நினைக்கத்தக்கது. கிறிஸ்துவை மையமாகக் கொண்ட ஐக்கியம் நிறுவனச் சபையின் எல்லைக்கு வெளியேயும் உருவாகலாம் என்றார் தாமஸ். கிறிஸ்துவைச் சார்வது, அவரைச் சார்ந்த பிறரோடு கண்கூடாக இணைவதை எவ்வகையிலேனும் உட்கொண்டிருக்க வேண்டும் என்று நியூபிகின் வற்புறுத்தினார். இருவரும் வெளியே நின்றோரைப் பற்றியே பேசினர். வெளியேறுவோரைப் பற்றி அன்று.

வெளியேறியோரின் வரலாறு நம்மிடம் உண்டு. அதைத்தான் நாம் விரும்பி நினைப்பதில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கைவிடப்பட வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். இருக்கையிலும் நற்கருணைப் பந்தியிலும் சாதி வரிசை இருத்தலாகாது என்பதாயிற்று. தஞ்சையிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் ஆராதனையை விட்டு விலகினர். விலகியவர் வேதத்தை விடவில்லை, ஜெபத்தை விடவில்லை, பாடலையும் விடவில்லை. மிஷனெரிமாரோடு இப்பொருளில் கடுமையாக முரண்பட்ட வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவ இசையின் தலைமகனார் அல்லரோ! பக்தியில் அவர்களுக்குக் குறைவில்லை. தாம் தேர்ந்துகொள்ளாத ஒருவர் அருகில் அமர்ந்து ஒரே பாத்திரத்தில் பருகுவது மட்டுமே அவர்களுக்கு இயலாததாயிற்று. பின்னர் லைப்சிக் மிஷன் இவ்விஷயத்தில் நெகிழ்ந்து நடந்தபோது அவர்களுள் கணிசமானோர் அதனைச் சார்ந்தனர்.

இன்றைய வீட்டு வழிபாட்டிற்கும் இதற்கும் என்ன தொடர்பு எனலாம். அண்மையில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றேன். குடும்பத் தலைவர் ஆலயத்திற்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் ஆராதனை காண்கின்றனர். குடும்ப ஜெபமும் ஒழுங்காக நடக்கிறது. “ஐயா, வீட்டிலே சண்டையில்லை, தேர்தல் இல்லை, வழக்கு இல்லை, நிம்மதியாக ஜெபிக்கிறோம்” என்றார். சபைத் தேர்தல்களையும் நீதிமன்றப் படிகளையும் கண்டவன் இக்குற்றச்சாட்டிற்கு விடையளிக்க இயலாது, நானும் அளிக்கவில்லை. எபிரெயர் 10:25ஐ எடுத்துக்காட்டுவது நம்மிடையே வழக்கம். அன்று அதனை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில், அவருடைய நிம்மதியின் மற்றொரு பகுதியும் எனக்குப் புலப்பட்டது. அவ்வீட்டில் அவர் விரும்பாத எவரும் அமர்வதில்லை.

வீட்டுச்சபை புதிய ஏற்பாட்டு வழக்கமன்றோ என்பர். உண்மை, நிம்பாவின் வீட்டிலும் பிலேமோனின் வீட்டிலும் சபை கூடிற்று. எனினும் அவ்வீடுகள் குடும்பத்தார் மட்டும் கூடிய இடங்களல்ல. பிலேமோனின் வீட்டுக் கதவை ஓடிப்போன அடிமை ஒநேசிமு சகோதரனாகத் திரும்பி வந்து தட்டவேண்டியிருந்தது. கொரிந்துவில் செல்வர் முன்னதாக உண்டு வறியவர் பசித்திருந்தபோது, பவுல் கண்டித்ததும் வீட்டில் கூடிய சபையைத்தான். ஆகவே இடம் வீடா ஆலயமா என்பது இரண்டாம் வினா. பந்தியில் யார் இல்லை என்பதே முதல் வினா.

இவ்வினா ஆலயத்தையும் விடாது. தலித் கிறிஸ்தவருக்குத் தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இன்றும் உள்ளன. அத்தகைய சபை நடத்தும் ஞாயிறு ஆராதனை, ஆயிரம் பேர் கூடினாலும், கதவடைத்த வீட்டு வழிபாடேயாகும். ஹோபர் கண்ட பெண்ணோ, மூலையில் தனித்து ஜெபித்தாலும் கூடுகைக்காக ஏங்கி நற்செய்திக் கூட்டத்தின் கடைசி வரிசைக்கு வருகிறாள். நூலில் நான் பெரிதும் மதிப்பது அக்கடைசி வரிசையையே. குறிப்பேட்டில் அவள் பெயர் இல்லாமையால் எந்த ஆயரும் அவளைச் சந்திக்கச் செல்வதில்லை. வராமல் நின்றுவிட்ட குடும்பத் தலைவரைச் சந்திக்க நானே மும்முறை சென்றிருக்கிறேன்.