கண்டிச் சீமையிலிருந்து மீண்டோர் கதைகள்: ஒரு மதிப்பீடு

இன்னலினின்று மீண்டவர் தம் வாயாற் கூறும் கதை நூறு அறிக்கைகள் செய்யாததைச் செய்யும் என்ற கருத்து, விழிப்புணர்வுப் பிரசாரத் துறையில் இன்று கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மையாகவே கொள்ளப்படுகின்றது. போதைப்பொருள் ஒழிப்பு, நோய்த் தடுப்பு, வெளிநாட்டு வேலை பற்றிய எச்சரிக்கை என எதனை எடுத்துக்கொண்டாலும் 'மீண்டவர்' ஒருவர் மேடையேற்றப்படுவதைக் காண்கின்றோம். இக்கருத்தினைக் கண்டிப் பிரதேசத்தின் வரலாற்றைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம் என்பது எமது எண்ணம்.

பேராதனைக்கு அண்மையில், மகாவலியின் மறுகரையிலுள்ள கன்னொறுவையில் ஆளுநர் எட்வேர்ட் பான்ஸ் 1820களிற் கோப்பித் தோட்டம் திறந்தார். அடுத்த அரை நூற்றாண்டுக்குள் கண்டியைச் சூழ்ந்த மலைகள் கோப்பிக் காடாயின; தென்னிந்தியத் தமிழ்க் கிராமங்களிற் 'கண்டிச் சீமை' என்பது மலைநாடு முழுவதற்கும் பெயராயிற்று. அச்சீமையைப் பற்றி அக்கிராமத்தார் பெரும்பாலும் அறிந்துகொண்டது, தோட்டத்தில் வேலைசெய்து ஊர் திரும்பிய கங்காணியின் வாயாலேயாம். அவன் அயலானல்லன், உறவினன், ஊரான். நல்ல வேட்டியும் மடியிற் காசுமாக வந்து நின்ற அவனே தன் கதைக்குச் சான்றாயினான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்துவந்தனர் என்பது பிற்காலத்து மலையக வாய்மொழி.

நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே: கங்காணியும் மீண்டவனே. தான் கண்டதையே கூறியிருப்பினும் அவன் கதை பிறரைக் கடனிற் பிணிப்பதற்கே பயன்பட்டது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரையிலான காட்டுப் பாதையில் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் பசிக்கும் இரையானோர் ஊருக்குத் திரும்பிக் கதை சொல்லவில்லை. அவர்தம் தொகை பற்றி அக்காலத்திலேயே வாதம் நடந்தது. மீண்டவர் சாட்சியத்தின் முதற்குறை இதுதான். மீளாதவர் அதில் இல்லை.

ஆயின் எச்சரிக்கைக் கதைகளே ஊரை எட்டவில்லையா எனின், எட்டின. கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். தாயையும் ஊரையும் பிரிந்த துயரமும் கங்காணியின் கொடுமையும் பாட்டாகிப் பரவின. அவ்வாறிருந்தும் 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் மக்கள் திரள்திரளாக வந்திறங்கினர். அறியாமையால் வந்தார்கள் என்று அவர்களைக் கருதுவது எளிது. பசிக்கு வேறு வழியில்லாமல் வந்தார்கள் என்பதே பொருந்தும். கேட்பவனிடம் மாற்று வழி இல்லாதபோது, எத்துணை உருக்கமான கதையும் அவன் காலைக் கட்டிவிடாது.

கதையை ஏற்பாடு செய்பவர் யார் என்பது இன்னொரு வினா. அமெரிக்க அடிமைத்தளையினின்று தப்பிய பிரெடரிக் டக்ளஸ் தம் வரலாற்றை 1845இல் வெளியிட்டபோது, அதன் மெய்ம்மைக்கு வெள்ளையர் இருவர் முன்னுரையாற் பிணைநிற்க வேண்டியிருந்தது. நடந்ததை மட்டும் சொல்க, அதன் பொருளை விளக்குவதை எம்மிடம் விடுக என இயக்கத்தார் தமக்குக் கூறியதை அவர் 1855இல் வெளியிட்ட இரண்டாம் நூலிற் கசப்புடன் பதிவுசெய்தார். இன்றைய பிரசாரத்தாரும் மீண்டவரிடம் கண்ணீரையே கேட்கின்றனர், கருத்தைக் கேட்பதில்லை.

இவ்வகையில் சி. வி. வேலுப்பிள்ளையின் பணி தனித்து நோக்கத்தக்கது. தோட்டத்திலே பிறந்து, 1947இல் நாடாளுமன்றம் சென்ற இவர் தொகுத்தளித்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. மலையக நாட்டார் பாடல்களில் ஒப்பாரி மட்டுமா இருக்கின்றது? கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளும் நகைப்பு இருக்கின்றது. நாள் முழுதும் உழைத்தும் 'அரைப் பேர்' போடப்பட்ட முறைப்பாடு இருக்கின்றது. துன்பத்தைச் சொல்பவரே அதன் கணக்கையும் சொல்கின்றார். பிரசாரத்துக்கென யாரும் சுருக்கிக் கொடுக்காத சாட்சியம் இஃதெனலாம்.

2023இல், மலையகத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டையொட்டி, ஜூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம் ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. முன்னோர் நடந்த வழியைப் பின்னோர் நடந்த இந்நிகழ்வில், இறந்தோர் நினைவு காணி, வீடு, கூலி பற்றிய கோரிக்கைகளோடு இணைக்கப்பட்டது. அழுகையோடு அமையாமையே அதன் சிறப்பு என்பது எமது கணிப்பு.

அதே மலைகளிலிருந்து பெண்கள் இன்று மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குச் செல்கின்றனர். ஊருக்குள் வரும் உபமுகவர், போய்வந்தவள் கட்டிய கல்வீட்டைக் காட்டுகின்றார். விழிப்புணர்வுக் கூட்டத்தார் காயத்தோடு திரும்பியவளைக் காட்டுகின்றனர். இரண்டும் மெய், இரண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. லயத்திலிருந்து கேட்கும் பெண்ணுக்கோ வேண்டியவை வேறு: முகவர் கொடுத்த முற்பணம் எவ்வளவு, எத்தனை மாதச் சம்பளம் பிடிக்கப்பட்டது, கடவுச்சீட்டு யார் கையில் இருந்தது, முறையிட எங்கே போனாள், போனபோது யார் கதவைத் திறந்தார். மேடையில் நிற்பவளுக்கு இவையெல்லாம் தெரியும். அவளுக்கு ஒதுக்கப்படும் பத்து நிமிடத்தில் இவற்றை எவரும் கேட்பதில்லை.