தட்டித் தட்டிச் சுருதி

வைகைக் கரையிலுள்ள மானாமதுரையில் செய்யும் கடம், சமையல் பானையைவிடக் கனமானது. சக்கரத்தில் வனைந்ததோடு வேலை முடியாது. உள்ளே கல்லை அண்டக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே சுவரைச் சீராக்க வேண்டும். ஓரிடம் தடித்தாலும் நாதம் கெட்டுவிடும்.

மிருதங்கத்தின் வாரை இறுக்கலாம். வீணையின் பிரடையைத் திருகலாம். சுட்ட கடத்துக்கு அந்த வசதி கிடையாது. வாசிப்பவர் கொஞ்சம் மெழுகை ஒட்டிச் சமாளிக்கலாம், அவ்வளவே. ஆகவே சூளையில் மண் எவ்வளவு சுருங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஈரத்திலேயே சுருதியைத் தீர்மானிக்கிறார்கள். கருவி, கையும் காதும்தான்.

கைதட்டல் பெரும்பாலும் மேடைக்கே போகிறது. விதிவிலக்கும் உண்டு: கடம் செய்ததற்காகவே இவ்வூர் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது.