பிரிவும் மீள்சந்திப்பும்: ‘அம்மா வந்தாள்’ நாவலில் தாய் - சேய்ப் பிணைப்பு

முன்னுரை

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) பெரும்பாலும் ஒழுக்க மீறலைப் பேசும் நாவலாகவே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அலங்காரத்திற்கும் சிவசுவுக்கும் உள்ள உறவே திறனாய்வாளர் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. இளமையிலேயே வீட்டைவிட்டு வேதபாடசாலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் கதை என்னும் கோணம் அதனால் பின்தள்ளப்பட்டது. அக்கோணத்தில் நாவலை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிணைப்புக் கோட்பாடு

குழந்தை தன்னைப் பேணுவோருடன் கொள்ளும் பிணைப்பே, பிறரை நம்பலாமா, தான் அன்புக்கு உரியவனா என்பன பற்றிய அகமாதிரியை உருவாக்குகிறது என்பது ஜான் பௌல்பியின் கொள்கை. இதனை விரித்துரைக்கும் அவரது நூலின் முதல் தொகுதி 1969இல் வெளிவந்தது. நாவல் அதற்கு மூன்றாண்டு முற்பட்டது. ஆகவே இங்குத் தாக்கம் பற்றிய பேச்சிற்கு இடமில்லை. ஒப்புநோக்கு மட்டுமே இயலும். மேரி எயின்ஸ்வொர்த், தாய் பிரியும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அவள் திரும்பி வரும்போது அவளை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதையே முதன்மையான அளவுகோலாகக் கொண்டார். காதலுறவுக்கும் இக்கோட்பாட்டை 1987இல் ஹேசன், ஷேவர் ஆகியோர் விரிவுபடுத்தினர்.

அப்புவும் இந்துவும்

அப்பு மழலைப் பருவத்தில் தாயைப் பிரிந்தவன் அல்லன். முதற்பிணைப்பு உருவான பின்னரே பிரிவு நேர்கிறது. எனவே பிரிவு அப்பிணைப்பை அறுக்கவில்லை. அன்றாட உறவில் மாறி வளர வேண்டிய தாயின் உருவத்தை மாசற்றதாக உறையச் செய்துவிடுகிறது. இந்துவின் அன்பை அப்பு முதலில் மறுக்கும்போது குறுக்கே நிற்பது சாத்திரம் மட்டுமன்று, அவ்வுருவமும் ஆகும். சென்னையில் உண்மையை நேரில் அறிந்த பின்னரே அவ்வுருவம் உடைகிறது. அவன் காவிரிக்கரைக்குத் திரும்புவதைத் தாய்மீதுள்ள சினத்தின் விளைவாக மட்டும் கொள்ளலாகாது. பவானியம்மாளின் வீடே அவன் வளர்ந்த இடம். அச்சம் நேரும்போது பிள்ளை ஓடி அடையும் புகலிடம் அதுவே.

இங்குக் கோட்பாட்டின் எல்லையும் புலனாகிறது. தாய் ஒருத்தியையே மையமாகக் கொண்ட பார்வைக்குப் பவானியம்மாள் மாற்றாள் மட்டுமே. செவிலிக்கு நற்றாய்க்கு இணையான கூற்றுரிமை வழங்கிய தமிழ் அகமரபிலோ வளர்ப்பும் தாய்மையே ஆகும். நாவல் இம்மரபின் பக்கமே நிற்கிறது எனலாம்.

முடிவுரை

நாவலின் தலைப்பு பிரிவைச் சுட்டாமல் வருகையைச் சுட்டுவது நோக்கத்தக்கது. மகனைத் தன் பிராயச்சித்தத்திற்குரிய துணையாக எண்ணிய அலங்காரம், அவ்வெண்ணம் கைகூடாது என உணர்ந்து, காசிக்குச் செல்லுமுன் அவனைக் காண வருகிறாள். பாடசாலைச் சிறுவன் எதிர்பார்த்திருக்கக்கூடிய அவ்வருகை, அவன் வேறொரு பிணைப்பில் வேரூன்றிய பின்னரே நிகழ்கிறது. அலங்காரத்தின் குற்றம் எது என்ற வினாவுக்கு இதுவரை சிவசுவே விடையாக இருந்தான். பிள்ளையைத் தன் பாவத்தின் ஈடாக வைத்து அவனது இளமையை வீட்டுக்கு வெளியே செலவிடச் செய்ததே அக்குற்றம் எனக் கொள்வதற்கும் நாவல் இடமளிக்கிறது.