பெயருக்கு ஒரு பெட்டி

ஈசூனில் எங்கள் வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் அதிகம் எழுதியவை படிவங்கள்தான். தமிழ் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்க ஒன்று, வாசகர் கூட்டத்துக்கு ஒன்று, தொண்டூழியர் பட்டியலுக்கு ஒன்று. பிஎச்பி நிரல்மொழியில் எழுதப்பட்ட லாராவெல் என்ற சட்டகத்தின் பிளேடு வார்ப்புருவுக்குள்ளேயே இணையப் படிவத்தைப் பெட்டி பெட்டியாகக் கையால் எழுதுவது எனக்குக் கோலம் போடுவதுபோல. புள்ளி எங்கே, இழை எங்கே என்று கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.

1995 ஜூனில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் அந்தப் பிஎச்பியை வெளியிட்டார். படிவங்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் கருவி என்ற பொருளும் விரைவிலேயே அதன் பெயரில் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு அக்டோபரில், இங்கே சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணையத்தில் ஏறியது. ஒரே வயதுடைய இந்த இரண்டும் என் மேசையில் சந்திக்கின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இன்னொரு பிஎச்பி சட்டகமான சிம்ஃபோனியில் பெட்டிகளின் பட்டியலை ஒரு நிரல் வகுப்பில் எழுதிவிட்டால் போதும். வார்ப்புருவில் ஒரே வரி முழுப் படிவத்தையும் வரைந்துவிடும். நூற்றுக்கணக்கான படிவங்கள் உள்ள இடத்துக்கு அது சரியான வழி. ஆனால் நிரப்பப்போகிறவரின் முகம் எனக்குத் தெரிவது கையால் எழுதும் பிளேடு வார்ப்புருவில்தான். மேலே விவரப்பெயர், கீழே பெட்டி, அதற்கும் கீழே பிழை இருந்தால் மட்டும் தோன்றும் ஒரு வரி. 'ஓல்ட்' என்ற சின்னச் சொல்லைப் பெட்டியின் மதிப்பில் வைத்துவிட்டால், ஓரிடத்தில் தவறியதற்காக ஒரு பாட்டி எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டியதில்லை. அவர் தட்டியதை இரட்டை வளைவுக்குறிகளுக்குள் காட்டினால், அதில் எந்த நிரல்துண்டு ஒளிந்திருந்தாலும் வெறும் எழுத்தாகிவிடும். இவ்வளவு அக்கறை நாலே வரிக்குள் அடங்கும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அஞ்சல் குறியீட்டுக்கு வருவோம். ஈசூனில் அது 76இல் தொடங்கும். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கமோ 04இல். எண் என்று நினைத்து முழு எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள சுழியம் போய்விடும். எழுத்துப்பெட்டியாகவே வைத்து, கைப்பேசியில் எண்பலகை மட்டும் விரியச் சொல்ல ஒரு பண்பு போதும்.

பெயர்ப்பெட்டிதான் உண்மையான சோதனை. 'கிருஷ்ணமூர்த்தி' நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் 15 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 45 பைட்டுகள். பெட்டிக்கு 12 என்று எல்லை வைத்தால் அவர் பாதியில் நின்றுவிடுவார். 'எழுத்துகள் மட்டும்' என்று இணையத்தில் கிடைக்கும் விதியை அப்படியே ஒட்டினால், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே கருதாது. குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்டால், தகப்பன் பெயரோடு 'எஸ்/ஓ' (மகன்), 'டி/ஓ' (மகள்) என்று அடையாள அட்டை வைத்திருப்பவர் எதை எழுதுவார்? என் படிவங்களில் பெயருக்கு ஒரே பெட்டி, அகலமான பெட்டி. மேலே 'அடையாள அட்டையில் உள்ளபடி' என்று ஒரு வரி.

படிவம் எழுதும் நண்பர்களே, அடுத்ததை வெளியிடும் முன் அதில் ஒருமுறை கிருஷ்ணமூர்த்தியைத் தமிழில் தட்டிப் பாருங்கள்.