செய்யப்பட்ட பாடகர், அழுத ரசிகைகள்: டேவி ஜோன்ஸ் நினைவு குறித்துச் சில குறிப்புகள்

2012 பிப்ரவரி 29 அன்று ஃபுளோரிடாவில் டேவி ஜோன்ஸ் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 66. அன்று காலையில்கூடத் தம்முடைய குதிரைகளைப் பார்க்கப் போயிருந்தார். அறுபதுகளின் ‘தி மங்கீஸ்’ என்ற பாப் குழுவின் நால்வரில் ஒருவர், குள்ளமானவர், மற்ற மூவரும் அமெரிக்கர்கள், இவர் மட்டும் மான்செஸ்டர்க்காரர். நினைவு நாள்கூட நான்கு வருஷத்துக்கு ஒருதடவைதான் வரும், அப்படியொரு தேதியில் செத்துப்போனார்.

பத்திரிகைகளின் அஞ்சலிக் குறிப்புகளில் ‘தயாரிக்கப்பட்ட குழு’ என்ற அடைமொழி திரும்பத் திரும்ப வந்தது. பிணத்தின்மீதும் முத்திரை குத்தித்தான் அனுப்புவோம் என்பது போல. அழுதவர்களோ பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். இந்த முத்திரைக்கும் அந்தக் கண்ணீருக்கும் என்ன உறவு என்பதுதான் இக்கட்டுரையின் பிரச்சினை.

என் பங்குக்கான வாக்குமூலத்தை முதலிலேயே தந்துவிடுகிறேன். தமிழ் எம்.ஏ. முடித்து, பண்பாட்டுத் தொழில் பற்றி அடோர்னோ எழுதியதை அரைகுறையாகப் படித்து, ‘ரசிகர்’ என்ற சொல்லையே வசைச்சொல்லாகப் புழங்கிவந்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் ரசிக மனோபாவத்தைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு இறங்கியபோது வயதான தோழர் ஒருவர் கேட்டார்: “அழறவங்ககிட்ட ஒரு தடவையாவது என்னன்னு கேட்டிருக்கியா தம்பி?” பதில் சொல்ல முடியவில்லை. நம்மூர் ரசிகர்களை விட்டுவிட்டு மங்கீஸை ஏன் எடுத்தேன் என்றால், இங்கே குற்றச்சாட்டு ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது. இந்தக் குழு வியாபாரத்துக்காகச் செய்யப்பட்டது. அதை யாரும் மறுக்கவில்லை. அப்படியிருந்தும் அழுதார்கள்.

பீட்டில்ஸ் படங்களைப் பார்த்த இரண்டு பேர் (பாப் ரஃபெல்சன், பெர்ட் ஷ்னைடர்) அதே மாதிரி ஒரு குழுவை வைத்து டி.வி. தொடர் எடுக்கத் திட்டமிட்டார்கள். 1965 செப்டம்பரில் ஆள் தேடி விளம்பரம் கொடுத்தார்கள். ஜோன்ஸ் அதற்கு முன்பே கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தார். பிள்ளை வயசில் நியூமார்க்கெட்டில் குதிரைச் சவாரிப் பயிற்சி, பிறகு ‘ஆலிவர்!’ நாடகத்தில் ஜேப்படித் திருடன் வேஷம் என்று வந்தவர். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் முதன்முதலாகத் தோன்றிய அதே இரவில் அந்த நாடகக் குழுவோடு இவரும் மேடையேறினார். பெண்பிள்ளைகள் அலறுவதைப் பக்கவாட்டில் நின்று பார்த்து, இது எனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டதாகப் பின்னாளில் சொன்னார். 1966 செப்டம்பர் 12, திங்கட்கிழமை தொடர் தொடங்கியது. முதல் நான்கு ஆல்பங்களும் விற்பனையில் முதலிடம் பிடித்தன. முதல் இரண்டில் இந்த நால்வர் பெரும்பாலும் பாடியதோடு சரி. வாத்தியங்களைக் கூலிக்கு வாசிக்கும் ஸ்டுடியோக் கலைஞர்கள் வாசித்தார்கள்.

இதுதான் குற்றம். இசை விமர்சனம் தன்னை ஒரு தனித்துறையாக நிறுவிக்கொண்ட ஆண்டுகள் இவை. ‘க்ராடாடி’ 1966-இலும், ‘ரோலிங் ஸ்டோன்’ 1967 நவம்பரிலும் வெளிவரத் தொடங்கின. ராக் இசை கலைதான் என்று நிரூபிக்க ‘அசல்’ தேவைப்பட்டது. அசலுக்கு எதிரே நிறுத்த ஒரு ‘போலி’ தேவைப்பட்டது. மங்கீஸ் கையில் கிடைத்தது. ஆனால் ‘பேர்ட்ஸ்’ குழுவின் புகழ்பெற்ற முதல் தனிப்பாட்டில் வாத்தியம் வாசித்தவர் குழுவில் ஒருவர்தான், மற்றதெல்லாம் ஸ்டுடியோக்காரர்கள். ‘பீச் பாய்ஸ்’ குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பமும் பெருமளவு அதே கூலிக் கலைஞர்களின் கைவேலை. அவர்களை யாரும் போலி என்று சொல்லவில்லை. உதடு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பதை ஏமாற்று என்று ஒருநாளும் நினைக்காமல் டி.எம். சௌந்தரராஜனின் குரலில் எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் கேட்டுப் பழகிய நமக்கு இந்த ரகளை கொஞ்சம் வேடிக்கையாகவே தெரியும்.

அப்படியானால் எது வேறுபடுத்துகிறது? கேட்பவர்கள்தான். பேர்ட்ஸைக் கேட்டவர்கள் கல்லூரி இளைஞர்கள். மங்கீஸைக் கேட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள். நவீனத்துவம் வெகுசனப் பண்பாட்டைப் பெண்ணாக உருவகித்தே தன்னை ஆணாக நிறுவிக்கொண்டது என்று ஆந்த்ரியாஸ் ஹுய்சன் 1986-இல் எழுதினார். அந்த வாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சிறுமிகள் விரும்பியதாலேயே அது போலியாயிற்று.

குழு இதைச் சும்மா ஏற்கவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். பாட்டுகளைத் தேர்ந்து கொடுத்துவந்த டான் கிர்ஷ்னருக்கு எதிராக 1967 தொடக்கத்தில் நால்வரும் கலகம் செய்தார்கள். மைக்கேல் நெஸ்மித் ஓட்டல் அறைச் சுவரில் குத்தியே ஓட்டை போட்டார். கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். அந்த மே மாதம் தாங்களே வாசித்த ‘ஹெட்குவார்ட்டர்ஸ்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். ஜோன்ஸுக்கு அதில் வாத்தியப் பங்கு பெரிதாக இல்லை, தம்புரினும் தாளக் கருவிகளும்தான். கிர்ஷ்னர் அடுத்து என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். ‘ஆர்ச்சீஸ்’ என்ற கார்ட்டூன் குழுவை வைத்து 1969-இல் பெரிய வெற்றி கண்டார். கார்ட்டூன் பொம்மை எதிர்த்துப் பேசாது, சம்பளம் கேட்காது, சுவரைக் குத்தாது. மூலதனம் கனவு காணும் பாடகர் அதுதான்: உடல் இல்லாதவர். ஆனால் பொம்மை சாகவும் சாகாது. அதற்காக யாரும் அழவும் முடியாது. 2012-இல் ஜோன்ஸுக்காக அழுதவர்கள் அழ முடிந்ததே, செய்யப்பட்ட பொருளுக்குள் செய்யப்படாத ஓர் உடல் இருந்ததால்தான்.

இன்னொரு டேவிட் ஜோன்ஸும் உண்டு. லண்டன்காரர். இந்த ஜோன்ஸோடு பெயர் குழம்பக் கூடாதென்று டேவிட் போவி என மாற்றிக்கொண்டார். 2016 ஜனவரியில் அவர் இறந்தபோது, முகமூடி மாற்றி முகமூடி போட்டவர், தன்னைத்தானே புனைந்துகொண்ட கலைஞர் என்று உலகமே கொண்டாடியது. நியாயம்தான். ஆனால் இரண்டு ஜோன்ஸ்களும் புனைவுகளே. தன்னைத் தானே செய்துகொண்டால் கலை. பிறர் செய்து, கூலி கொடுத்து நிறுத்தினால் போலி. புனைவு என்பது இங்கே பிரச்சினையே இல்லை, அதன் உடைமையாளர் யார் என்பதே பிரச்சினை. இடதுசாரிகளாகிய நாமும் இந்த உடைமை நோக்கிலிருந்தே கலைஞரை அளந்துவந்திருக்கிறோம், கூச்சமில்லாமல்.

சரி, ரசிகைகள் எதை நினைவுகூர்ந்தார்கள்? எனக்கு வாசிக்கக் கிடைத்தவற்றில் பாட்டைப் பற்றிய பேச்சு குறைவு. திங்கட்கிழமை மாலை, வீட்டுக் கூடம், டி.வி.க்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார அப்பா விட்டார், சுவரில் எந்தப் படம், அதை எந்த அக்கா கிழித்தாள் என்று ஒரே வீட்டுக் கதை. 1971 டிசம்பரில் ‘பிராடி பஞ்ச்’ தொடரின் ஒரு கதையில் ஜோன்ஸ் ஜோன்ஸாகவே வந்தார். அவருடைய ரசிகர் மன்றத் தலைவியாக இருக்கும் ஒரு பள்ளிக்கூடப் பெண், அவரைப் பள்ளி விழாவுக்குக் கூட்டிவருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுத் தவிக்கிற கதை. மங்கீஸ் தொடரைப் பார்க்காதவர்கள்கூட அந்த ஒரு கதையால் அவரை நினைவில் வைத்திருந்தார்கள். அதாவது அவர்கள் நினைவில் இருந்தது பாடகர் மட்டுமல்ல, பாடகரை விரும்பிய ஒரு பெண்ணும்தான். தன்னைப் போன்ற ஒருத்தி கதையின் நடுவில் நின்றதைப் பார்த்த ஞாபகம். பீட்டில்ஸ் காலத்து அலறலை அமெரிக்கப் பெண்களின் பாலியல் புரட்சியின் முதல் வெகுசன வெடிப்பாக வாசித்தார் பார்பரா எரன்ரைக். ஜோன்ஸின் ரசிகைகள் அதைவிடச் சின்னவர்கள்; வெடிப்பு என்றெல்லாம் சொல்ல முடியாது. அப்பாவின் கூடத்தில் அரைமணி நேரம் தனக்கென்று ஓர் ஆசை, அவ்வளவுதான். அந்த அவ்வளவு அற்பமா?

இதைப் புனிதப்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. 1967 ஜூலையில் மங்கீஸின் கச்சேரிகளில் முன்னே பாடியவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். கூட்டம் ‘டேவி, டேவி’ என்று கத்தி அவரைப் பாடவிடாமல் செய்தது. சில நாட்களில் விலகிப்போனார். அடுத்த வாரம் டெட்ராய்ட் எரிந்தது. அந்தக் கூடங்களின் பாதுகாப்பு எந்தத் தெருக்களை மறைத்துக் கிடைத்தது என்ற கேள்வியை நினைவேந்தல்கள் தொடுவதில்லை. ஹென்ட்ரிக்ஸ் கதையை விமர்சகர்கள் சிறுமிகளைக் கிண்டலடிக்கச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு வக்காலத்து வாங்கவும் வார்த்தை வரவில்லை.

ஆனால் அந்தச் சிறுமிகளின் காசு எங்கே போயிற்று என்று பாருங்கள். மங்கீஸ் லாபத்திலிருந்துதான் ரஃபெல்சனும் ஷ்னைடரும் ‘ஈஸி ரைடர்’ (1969) படத்துக்குப் பணம் போட்டார்கள். அந்த நிறுவனத்தின் வழியில்தான் ‘ஃபைவ் ஈஸி பீசஸ்’ (1970) வந்தது. வியட்நாம் போரை அம்பலப்படுத்திய ‘ஹார்ட்ஸ் அண்ட் மைண்ட்ஸ்’ (1974) ஆவணப்படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும் இதே ஷ்னைடர்தான். 1975 ஏப்ரலில் அதற்கு ஆஸ்கர் கிடைத்தபோது வியட்நாம் புரட்சித் தரப்பின் தந்தியை மேடையில் வாசித்தார். நாம் திரைப்பட இயக்கங்களில் திரையிட்டு விவாதிக்கிற ‘புதிய ஹாலிவுட்’டின் அஸ்திவாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தீனிக்காசு கிடக்கிறது. எந்தச் சினிமா வரலாறும் அவர்களை ஆதரவாளர்கள் என்று குறிப்பதில்லை.

கணக்கு அதோடு முடியவில்லை. 1968 நவம்பரில் அதே இருவர், ஜாக் நிக்கல்சனும் சேர்ந்து எழுத, மங்கீஸை வைத்தே ‘ஹெட்’ என்ற படத்தைக் கொண்டுவந்தார்கள். குழுவின் போலித்தனத்தைக் குழுவே கட்டுடைக்கும் படம். சைகோனில் ஒரு கைதியைத் தெருவில் சுட்டுக்கொன்ற செய்திக் காட்சியும் அதில் உண்டு. தைரியமான படம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதில் ரசிகைகள் என்னவாக வருகிறார்கள்? போர்க்காட்சிகளோடு பின்னிக் காட்டப்படும் ஒரு கச்சேரியின் முடிவில் அவர்கள் மேடையேறிப் பாடகர்களைப் பிய்த்தெறிகிறார்கள். பிய்ந்து விழுவது துணிக்கடைப் பொம்மைகள். சிறுமியின் ஆசையையும் யுத்தவெறியையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்துவிட்டார்கள். அவள் காசில் எடுத்து, அவளையே கும்பலாகக் காட்டிய படம். அவள் பார்க்க வரவில்லை. படம் படுத்துவிட்டது. ரசிகைகளுக்கு விளங்கவில்லை என்று எழுதினார்கள். நன்றாகவே விளங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விமர்சகர்கள் பொருட்படுத்தாத இந்தக் கச்சேரிகளை அரசாங்கம் பொருட்படுத்தியது என்பது இன்னொரு வேடிக்கை. 1967-இல் ஒரு கச்சேரியின்போது திரையில் வியட்நாம் போருக்கு எதிரான படங்கள் ஓடியதாக எஃப்.பி.ஐ. கோப்பில் குறிப்பு இருக்கிறது. மிச்சக் கோப்பையும் வெளியிடக் கோரி மிக்கி டோலன்ஸ் 2022-இல் வழக்குப் போட்டார். பீட்டர் டார்க் 2019-இலும் நெஸ்மித் 2021-இலும் போய்ச்சேர்ந்த பின் நால்வரில் எஞ்சியிருந்தவர் அவர்தான். ஒற்றர்களுக்குத் தெரிந்தது ராக் விமர்சகர்களுக்குத் தெரியவில்லை.

ஜோன்ஸ் பாடியவற்றில் மிகவும் நேசிக்கப்பட்டது ‘டேட்ரீம் பிலீவர்’ (1967). ஜான் ஸ்டுவர்ட் எழுதியது. அதில் ஒரு சொல்லை நிறுவனம் மாற்றச் சொன்னது, மாற்றிப் பாடினார். பியானோ முகப்பு டார்க்குடையது. பாட்டு தொடங்குமுன் ஒரு பேச்சு அப்படியே தட்டில் பதிவாகியிருக்கிறது: இது எத்தனையாவது டேக் என்று ஜோன்ஸ் கேட்கிறார், எல்லோரும் சேர்ந்து கத்திப் பதில் சொல்கிறார்கள், அவர் சலித்துக்கொள்கிறார். மறுபடி மறுபடி பாடவைக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் அலுப்பு அது. எத்தனை கோடித் தட்டுகளில் எந்த முதலாளி இப்படியொரு அலுப்பை விட்டுவைத்தான்? ரசிகைகளுக்குப் பாட்டைப் போலவே அந்தப் பேச்சும் மனப்பாடம்.

அவர் இறந்த அதே ஆண்டு நவம்பரில் மற்ற மூவரும் மறுபடி கச்சேரிக்குக் கிளம்பினார்கள். இந்தப் பாட்டு வந்ததும் யார் பாடுவது என்ற சிக்கல். மூவரில் எவரும் பாடவில்லை. இனி இது எங்களுடையதல்ல என்று சொல்லி, கூட்டத்திலிருந்து ஒரு ரசிகரை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்று வாசித்தார்கள்.